ஸ்லாப் போடும் இரவில்

அக்கா மகள் பி.இ. சிவில் கடைசி வருடம். அடுத்து எம்.இ.யில் கட்டுமான மேலாண்மையா, எம்பிஏவில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்கட்டும் என்று நினைத்தேன். போரூர் பக்கம் ஒரு அடுக்குமாடி சைட்டில் இரவு ஸ்லாப் போடுகிறார்கள் என்று தெரிந்தவர் சொல்ல, அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

சைட் ஆபீஸ் என்பது ஒரு கன்டெய்னர். உள்ளே சுவரை அடைத்துக்கொண்டு பார் சார்ட். ஒருநாள் தள்ளினாலும் மொத்த வேலையையும் தள்ளிவிடும் வேலைகளுக்கு மட்டும் சிவப்புக் கோடு. அந்த வேலைகளைக் கண்டுபிடிக்கும் முறை 1957-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனிக்காக உருவானது. "இதெல்லாம் காலேஜ்லயே நடத்திட்டாங்க மாமா" என்றாள். அங்கிருந்த பிளானிங் இன்ஜினியர் ஒரு பெண்மணி; அவர் காதில் அது விழுந்தது. "சார்ட் போட ஒரு வாரத்துல கத்துக்கலாம்மா. கம்பி கட்டி முடிக்க நாலு நாளா, ஆறு நாளான்னு அதுல எழுதணுமே, அது மேல போய் நின்னாதான் தெரியும்" என்றார்.

அவரோடு மேலே போனோம். கம்பி கட்டி முடிந்திருந்தது. ஆனால் ஒரு மூலையில் எலக்ட்ரிகல் பைப் பதிக்கவில்லை. ரெடிமிக்ஸ் லாரிகளோ கீழே வந்து நிற்கின்றன. கலவை போட்டதிலிருந்து ஏறக்குறைய 2 மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். அந்தப் பெண்மணி குரலை உயர்த்தவே இல்லை. பிளான்ட்டுக்கு போன் செய்து அடுத்த லாரியை நிறுத்தினார். எதிர்மூலையிலிருந்து கொட்டச் சொன்னார். எலக்ட்ரீஷியன்களின் பக்கத்திலிருந்து அவர் நகரவில்லை. இதற்கிடையில் கீழே ஸ்லம்ப் பார்த்தார்கள். 30 செ.மீ. உயரக் கூம்பில் கான்கிரீட்டை நிரப்பி, கூம்பை மெல்ல உருவி, கலவை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்த பிறகுதான் லாரி பம்ப் பக்கம் போனது.

கடைசியில் ஹின்ட்ரன்ஸ் ரிஜிஸ்டரைக் காட்டினார். மழை, வராத வரைபடம், வந்து சேராத கம்பி என்று வேலை நின்ற ஒவ்வொரு நாளும் காரணத்தோடு அதில் இருக்கிறது. கான்ட்ராக்டரும் கட்டச் சொன்னவரும் கையெழுத்திட்ட இந்த நோட்டை வைத்துத்தான் பின்னால் கூடுதல் அவகாசம் கேட்க முடியும். அக்கா மகள் நெடுநேரம் அதைப் புரட்டினாள்.

இந்தப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கிண்டியில் எம்.இ. இருக்கிறது, சென்னை ஐஐடியில் எம்.டெக். இருக்கிறது. இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் இரண்டு வருடம் சைட்டில் நின்றுவிட்டு அந்த வகுப்பில் உட்கார்ந்தால், பாடத்தில் வரும் ஒவ்வொரு தாமதத்துக்கும் அவள் மனதில் ஒரு முகம் இருக்கும். பிஎம்பி என்ற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழுக்கே நான்கு வருடப் பட்டத்தோடு 36 மாத அனுபவம் கேட்கிறார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டையே இளநிலைப் படிப்பாக எடுக்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: சிவிலோ மெக்கானிக்கலோ கம்ப்யூட்டரோ, முதலில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேம்பஸில் கிடைத்த டிரெய்னி வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்றாள் அக்கா மகள். அக்காவுக்கு இரவு வேலை என்றாலே பயம். அதற்கும் பிளானிங் இன்ஜினியரே வழி சொன்னார்: "சேரும்போதே கேளும்மா. நைட் போகவர வண்டி உண்டா, பெண்களுக்குத் தனி கழிப்பறை உண்டா. ரெண்டுக்கும் எழுத்துல பதில் வாங்கிக்கோ."