அச்சு முறிந்த இடம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். இடப்பக்கம் மண்ணில் இறங்கி ஏழெட்டுக் கூண்டு வண்டிகள் வரிசையாகப் போயின. கழுத்துமணிச் சத்தம் எங்கள் வேனுக்குள் கேட்டது. ஒவ்வொரு வண்டியின் அடியிலும் வைக்கோல் கட்டு தொங்கியது. பின்பக்கம் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிள்ளைகள். “எங்கேம்மா?” என்று என் மனைவி கேட்டதும் எல்லாக் குரலும் ஒன்றாக வந்தது: “கல்லங்குறிச்சி!”

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு வேனில் கட்டிலும் அடுப்பும் பொருத்திக்கொண்டு நாங்கள் கிளம்பி அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் இப்படி வண்டியில் வாழ்கிறவர்கள் சங்கம் வைத்து ஆண்டுதோறும் கூடுவார்கள். ஏர்ஸ்ட்ரீம் என்னும் வீட்டு வண்டி வைத்திருப்பவர்களின் சங்கம் 1955லேயே தொடங்கியது. அப்படி ஒரு கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. அந்த ஆசை அரியலூரிலிருந்து 5 கிலோமீட்டரில் நிறைவேறும் என்று இருவருமே எண்ணியிருக்கவில்லை.

கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் ராமநவமியன்று கொடியேறும். ஒன்பதாம் நாள் தேர். நாங்கள் போய்ச் சேர்ந்தது எட்டாம் நாள் பிற்பகல். கோயிலைச் சுற்றி நிழல் இருந்த இடமெல்லாம் வண்டிகள். மாட்டு வண்டிகள் முன்புபோல் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். டிராக்டரும் மினி லாரியும்தான் இப்போது அதிகம். ஆனால் எதில் வந்தாலும் குடும்பத்தோடு வருகிறார்கள், அரிசி பருப்போடு வருகிறார்கள், வந்தால் தங்குகிறார்கள். அவிழ்த்துவிட்ட காளைகள் சக்கரத்தில் கட்டிக் கிடக்கின்றன. ஏர்க்காலைத் தூக்கி முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதில் தூளி கட்டிக் குழந்தையை ஆட்டுகிறார்கள். ஒரு வண்டிக்குள் அந்தக் குடும்பத்தின் அறை, கூடம், மச்சு எல்லாம் இருக்கிறது.

நாங்கள் வேனை நிறுத்தியதும் பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். “தம்பி, வாசல மேக்க வச்சிட்டியே. சாயந்தர வெயிலு பூரா உள்ள எறங்கும். கெழக்கால திருப்பு” என்றார். திருப்பினேன். பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். அன்று காலைதான் அதன் குழாய் இணைப்பு விட்டுப்போய், பாதித் தண்ணீர் சாலையோடு போயிருந்தது. அதைப் பொருத்திக் கொடுத்த கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. பாட்டி அதைக் கேட்டுவிட்டு, தன் வண்டியில் வரிசையாக இருந்த குடங்களைக் காட்டினார். “ஒண்ணு ஒடஞ்சாலும் மத்தது இருக்கும்ல.” ஐந்து மாதத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லாத பாடம் அது. இப்போது எங்கள் வேனில் தொட்டி இல்லை, நாலு கேன்கள்தான்.

கோயிலுக்குள் மூலவர் சிலை கிடையாது. 12 அடி உயரக் கருங்கல் கம்பம், அதன் அடியில் ஆஞ்சநேயர். அவ்வளவுதான். ஊரார் சொல்லும் கதை இது: மங்கான் படையாட்சி என்பவர் நிறைய மாடு வைத்திருந்தவர். சினையாக இருந்த பசு ஒன்று காணாமல் போனது. தேடிப் போனவர், காட்டுக்குள் சாய்ந்து கிடந்த ஒரு கம்பத்தின் மேல் அது பால் சொரிந்து நிற்கக் கண்டார். அவருடைய முன்னோர்கள் கோயில் கட்டுவதற்காக வண்டியில் ஏற்றி வந்த கம்பமாம் அது. வழியில் அச்சு முறிந்து விழுந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதை நிமிர்த்தி வைத்துக் கும்பிடத் தொடங்கியதுதான் இந்தக் கோயில்.

அச்சு முறிந்த இடத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பது என்னை வெகுநேரம் நிற்க வைத்தது. வழியில் வண்டி நின்றுபோவதை நான் ஒரு தோல்வியாகவே நினைத்துவந்தேன்.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. விளைந்ததில் ஒரு பங்கு பெருமாளுக்கு. நெல், கம்பு, சோளம், வரகு, எள் என்று மூட்டைகள் இறங்குகின்றன. நேர்ந்துவிட்ட கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வரிசையில் நின்றார். அந்த மூட்டைகளைப் பார்த்தாலே பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களின் நிலமும் தெரியும். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல்: மக்காச்சோளம், பருத்தி, செட்டிகுளம் சுற்றிச் சின்ன வெங்காயம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் செம்மண், முந்திரி. திருச்சியிலிருந்து 1995ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001ல் அரியலூர் பிரிந்து, அடுத்த ஆண்டே திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி தனியானது.

அன்றிரவு அடுப்புக்குக் கல் தேடினேன். பாட்டியின் பேரன் மூன்று கற்களை உருட்டிக்கொண்டு வந்தான். ஒன்றைத் திருப்பினால் சாம்பல் நிறத்தில் கெட்டியான, வளைந்த சிப்பி ஒன்று கல்லோடு கல்லாகப் பதிந்திருந்தது. ஓட்டின் வரி விரலுக்குத் தட்டுப்பட்டது. இந்த ஊர் ஒரு காலத்தில் கடலடி. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த சிப்பிச் சுண்ணாம்புப் பாறைக்கே நிலவியலாளர்கள் கல்லங்குறிச்சியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அரியலூரைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகள் அரைப்பதும் அந்தக் கடலைத்தான். பொறுமையாகப் பார்க்க நினைப்பவர்கள் வாரணவாசியில் உள்ள அரசுப் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரத்துக்கும் போகலாம். எனக்கு அந்த ஒரு அடுப்புக்கல் போதுமாக இருந்தது. சிப்பியை உட்பக்கமாக வைத்துவிடாதே என்றேன். பையன் புரியாமல் வெளிப்பக்கம் திருப்பி வைத்தான்.

மறுநாள் தேர். கூட்டத்தில் வடத்தைத் தொடக்கூட எங்களால் முடியவில்லை. தேர் நிலைக்கு வந்தபின் வண்டிகளுக்கிடையே உண்மையான திருவிழா நடந்தது. யார் வீட்டில் பெண் இருக்கிறது, எந்தக் காளைக்கு என்ன விலை, யார் இந்த ஆண்டு வரவில்லை, ஏன். பக்கத்து வண்டிக்காரரின் தம்பி காலமாகிவிட்டதைக் கேட்டு இரண்டு வண்டிப் பெண்கள் உட்கார்ந்து அழுதார்கள். தலைமுறையாக ஒரே மரத்தடியில் இறங்குகிறவர்கள். வீட்டு முகவரி தெரியாது, மரம் தெரியும்.

நாங்கள் வந்த மூன்றாம் நாள் விடியலில் மாடு பூட்டினார்கள். எங்கள் அடுப்புக் கற்களை ஓரமாகத் தள்ளிவிடக் குனிந்தேன். பாட்டி கூண்டுக்குள்ளிருந்து தலை நீட்டினார்.

“அத ஏன் தம்பி எடுக்குற? அப்படியே கெடக்கட்டும். வர்ற வருசம் நாங்க முன்னாடி வந்துட்டா, ஒங்க எடம்னு பாத்துக்குவோம்.”

கற்களை இருந்தபடியே விட்டுவிட்டு வேனில் ஏறினோம்.