பாங்காக்குல பார்த்த நம்மூரு கை

சம்பா அறுப்பு முடிஞ்சு, வைக்கோலையும் கட்டி ஏத்தி வித்துட்டு, மகளைப் பார்க்க நானும் வீட்டம்மாவும் பாங்காக் போயிட்டு வந்தோம். இருபது நாள். மாப்பிள்ளை அங்கதான் வேலை பார்க்கிறார். வந்ததுலேருந்து ஊர்ல எல்லாரும் அங்க என்ன பார்த்தீங்கன்னு கேட்கிறாங்க. நான் சொல்லப் போறது மசாஜ் பத்தி. சிரிக்காம படிங்க.

எனக்கு ரெண்டு வருசமா இடுப்புப் பிடிப்பு. மக்காச்சோளத்துல படைப்புழு வந்ததுலேருந்து மருந்து அடிக்கிற வேலை கூடிப்போச்சு. பதினாறு லிட்டர் டேங்கை முதுகுல மாட்டிக்கிட்டு ரெண்டு ஏக்கரை சுத்தி வந்தா, சாயந்திரம் குனிஞ்சு செருப்பு கழட்ட முடியாது. டாக்டர்கிட்ட காட்டி எக்ஸ்ரே எடுத்தாச்சு. எலும்புல ஒண்ணுமில்ல, சதைப் பிடிப்புதான்னு சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டா வலி தெரியாது, நிறுத்துனா திரும்ப வந்துடும். விமானத்துல உட்கார்ந்து போனதுல வலி இன்னும் ஏறிடுச்சு. என் நடையைப் பார்த்துட்டு மாப்பிள்ளைதான் சொன்னார்: "மாமா, இங்க தாய் மசாஜ் நல்லா இருக்கும். ஒரு தடவை பாருங்க."

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நம்ம ஊர்ல மசாஜ்னா என்ன நினைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். வீட்டம்மாவும், "இந்த வயசுல இது தேவையா? ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க.

இருந்தாலும் வலி விடல. ஒருநாள் தனியா நடந்து போனப்ப, கலர் விளக்கு போட்ட ஒரு கடைக்குள்ள நுழைஞ்சுட்டேன். வாசல்லயே நாலு பேர் கையைப் பிடிச்சு இழுக்காத குறை. உள்ள படுக்க வச்சு, எண்ணெயைத் தடவி, மாவு பிசையற மாதிரி மேலாக்க பிசைஞ்சாங்க. எனக்கு எங்க வலின்னு கேட்கவே இல்ல. பாதி நேரம் அந்தப் பொண்ணு போனைத்தான் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. காசைக் கொடுத்துட்டு வலியோடயே வந்தேன். வீட்ல வாயைத் திறக்கல.

அப்புறம் மகள் எங்களை வாட் போ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா. பள்ளிகொண்ட பெருமாள் மாதிரி நீளமாப் படுத்திருக்கிற புத்தர் இருக்கிற கோயில். எல்லாரும் புத்தரைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் ஒரு மண்டபச் சுவத்துக்கிட்ட நின்னுட்டேன். கல் பலகைகள்ல மனுச உருவம் செதுக்கி, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் கோடு கோடா இழுத்து, எந்த இடத்துல அமுக்கணும்னு புள்ளி வச்சு, ஓரத்துல எழுதியும் வச்சிருக்காங்க. மொத்தம் 60 படமாம். மூணாவது ராமா ராஜா 1830கள்ல இந்தக் கோயிலைப் புதுப்பிச்சப்ப, வைத்தியம் ஏட்டோடயும் ஆளோடயும் அழிஞ்சிடக் கூடாதுன்னு கல்லுல ஏத்திட்டார்னு மகள் படிச்சுச் சொன்னா. 1955ல அதே கோயில்ல வைத்தியப் பள்ளிக்கூடமும் ஆரம்பிச்சிருக்காங்க. 2019ல யுனெஸ்கோவும் இந்த மசாஜை உலகத்தோட பண்பாட்டுச் சொத்துப் பட்டியல்ல சேர்த்திருக்கு.

அந்தக் கோடுகளுக்கு அவங்க 'சென்'னு பேர் வச்சிருக்காங்க. முக்கியமானது பத்து. அதுல முதல் மூணு பேரைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. சுமனா, இத்தா, பிங்கலா. நம்ம சித்தர்கள் சொல்ற சுழுமுனை, இடகலை, பிங்கலைதான் அது! தோட்டத்துல கை காலை முறுக்கிக்கிட்டு நிக்கிற முனிவர் சிலைகளை 'ரூசி'ங்கறாங்க. அதுவும் நம்ம ரிஷிதான்.

அங்கயே பார்த்துக்கலாம்னா கூட்டம் நெறைய. வெள்ளிக்கிழமை சிலோம் சாலையில இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அந்தக் காலத்துல போன தமிழங்க கட்டுன கோயில், இப்ப தாய்லாந்துக்காரங்கதான் அதிகமா வந்து கும்பிடுறாங்க. வாசல்ல மாலை கட்டுற அம்மா நான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பார்த்துட்டு மகள்கிட்ட ஏதோ சொன்னாங்க. பின்னாடி சந்துல கண் தெரியாதவங்க மசாஜ் பண்ற இடம் இருக்காம், நாள் முழுக்க உட்கார்ந்து மாலை கட்டுற அவங்க முதுகுக்கு அங்கதான் போவாங்களாம். அந்த ஊர்ல கண் தெரியாதவங்களுக்கு இதை முறையாக் கத்துக் கொடுத்து தொழில் ஏற்படுத்தித் தர்ற வழக்கம் இருக்கு. நல்ல வைத்தியரை விளக்கு போட்ட போர்டு காட்டாது, உழைக்கிறவங்க வாய்தான் காட்டும்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

சின்ன இடம். சுவத்துல சான்றிதழ் மாட்டியிருந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு 300 பாட், நம்ம காசுக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல. முதல்ல காலைக் கழுவி விட்டாங்க. தொளதொளன்னு ஒரு பருத்தி சட்டையும் பேண்ட்டும் கொடுத்து மாத்திக்கச் சொன்னாங்க. எண்ணெய் கிடையாது, துணியும் கழட்ட வேண்டாம். தரையில மெத்தை விரிச்சிருந்தாங்க. மகளும் வீட்டம்மாவும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. என் வீட்டம்மா முகத்துல இருந்த சந்தேகம் அப்பதான் போச்சு.

மசாஜ் பண்ணவருக்கு அறுபது வயசு இருக்கும். எங்க வலி, ரத்தக் கொதிப்பு உண்டா, எலும்பு எதுவும் உடைஞ்சிருக்கான்னு மகள் மூலமாக் கேட்டார். அப்புறம் கைகூப்பிக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். புத்தருக்கே வைத்தியம் பார்த்த ஜீவகரைத்தான் இவங்க குருவாக் கும்பிடுறாங்களாம். வலி இடுப்புல, ஆனா அவர் ஆரம்பிச்சது பாதத்துல. கட்டை விரலால, உள்ளங்கையால, முழங்கையால, அவர் உடம்பு பாரத்தையே சாய்ச்சு அமுக்கி மேல வந்தார். தொடை இடுக்குல உள்ளங்கையை வச்சு ரத்த ஓட்டத்தை கொஞ்ச நேரம் தடுத்துட்டு விட்டார் பாருங்க, மடையைத் திறந்து விட்ட மாதிரி சூடா கால் முழுக்கப் பாஞ்சுது. "ஜெப்?"னு கேட்பார். வலிக்குதான்னு அர்த்தம். "பாவ் பாவ்"னா மெதுவா. மகள் சொல்லிக் கொடுத்த இந்த ரெண்டு வார்த்தையை வச்சே ஒரு மணி நேரம் ஓடிடுச்சு.

இடுப்புல ஒரு இடத்துல அவர் விரல் தானா நின்னுச்சு. நான் காட்டல, சொல்லல. அங்கதான் வலி. அந்த நிமிசம் எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஊர் பெரியவர்.

கீழப்பழுவூர்ல என் சின்ன வயசுல முடி வெட்டிக்கிட்டு இருந்தவர் அவர். சுளுக்கு, மூச்சுப்பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு எல்லாத்துக்கும் அவர்தான். அவரும் கண்ணை மூடிக்கிட்டுதான் தடவுவார். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தொட்டு, பாதத்துலேருந்துதான் உருவுவார். எனக்கு இருபத்தி ரெண்டு வயசுல நெல்லு மூட்டை தூக்கி இடுப்பு பிடிச்சப்ப, இதே மாதிரி விரலை நிறுத்தி, மூணே நாள்ல எழுப்பி நடக்க வச்சார். களத்துல ரெண்டு மரக்கா நெல்லு, அதுதான் கூலி. திண்ணையில உட்காரச் சொன்னது கிடையாது. என் அப்பா வயசு அவருக்கு. ஆனா நான் "வாப்பா, போப்பா"ன்னுதான் கூப்பிட்டேன். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டாங்கங்கறதை ஒரு சமாதானமாச் சொல்ல எனக்கு வாய் வரல.

பாங்காக்குல அந்தக் கண் தெரியாதவர் முடிச்சதும் நான் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்குத் தெரியாதுன்னு மகள் சொன்னா. தெரியாட்டியும் பரவாயில்லன்னுட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வலியாலன்னு நினைச்சுக்கிட்டாங்க. அப்புறம் ரெண்டு தடவை போனேன். முழுசாக் குணம்னு சொல்ல மாட்டேன், குனிஞ்சு செருப்பு கழட்ட முடியுது.

ஊருக்கு வந்த மறுவாரம் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருசம் ஆச்சு. பையன் அரியலூர்ல சலூன் வச்சிருக்கார். அப்பா கை வேலை உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். "அப்பா சொல்லித் தரலண்ணே. இது சோறும் போடாது, மரியாதையும் போடாது, வேற எதையாவது கத்துக்கடான்னுட்டார்"ன்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நம்ம பக்கத்துக் கோயில் கல்வெட்டுல நிலம் கொடுத்தது, விளக்கு எரிக்க ஆடு கொடுத்தது எல்லாம் இருக்கு. இந்த மாதிரி ஒரு கை இருந்ததுன்னு எங்கயும் எழுதல. எழுதாட்டி போகட்டும், கத்துக்கவாவது விட்டோமா?

அந்தப் பெரியவர் சம்சாரம் இருக்காங்க, எழுபத்தஞ்சைத் தாண்டிட்டாங்க. பிள்ளை பெத்த வீட்டுக்கெல்லாம் இப்பவும் போய் குழந்தைக்கு எண்ணெய் தேச்சு உருவி விடுறாங்க. எங்க தெருவுல ஒரு பையன் பிசியோதெரபி படிக்கிறான். அவனை அனுப்பட்டுமா, நீங்க சொல்ல அவன் எழுதிக்கட்டும்னு கேட்டேன். "வரட்டும். ஆனா எழுதுறதுக்கு என் வாயில ஒண்ணுமில்ல தம்பி, கையிலதான் இருக்கு. கூட இருந்து பார்த்துக்கச் சொல்லுங்க"ன்னாங்க.

போன ஞாயித்துக்கிழமை அவனைக் கூட்டிட்டுப் போனேன். அவங்களை எங்க வீட்டுக்கு வரச் சொல்லல, நாங்கதான் அவங்க வீட்டுக்குப் போனோம். வாசல்ல நின்னப்ப, "உள்ள வந்து உட்காருங்க தம்பி"ன்னாங்க. உட்கார்ந்தேன்.