வந்தாங்க, வந்துச்சு, வா

‘அம்மா வந்தாங்க’ன்னு சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்குள்ள மூளை பார்க்குற வேலையைக் கவனிங்க: ‘வா’வை எடுக்கணும், இறந்தகாலத்துக்கு மாத்தணும், மரியாதைக்கு ‘ஆங்க’ சேர்க்கணும். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு ‘விகுதி’ங்கிற சொல்லே பத்தாம் வகுப்போட போயிடுச்சு. அதைத் திரும்பக் கொண்டுவந்தது என் சித்தி பையன்.

கள்ளக்குறிச்சியில இருக்கான், பதினோரு வயசு, டவுன் சிண்ட்ரோம். தெருவில எல்லார் பேரும் தெரியும். ஆனா ‘அம்மா வா’, ‘பஸ் போ’ன்னுதான் பேசுவான். வந்தாங்களா, வரணுமா? நாமதான் புரிஞ்சுக்கணும். ‘இவனுக்கு எதுவும் புரியல’ன்னு ஒரு பள்ளியில சொல்லிட்டாங்க. அந்தக் கோபத்துலதான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

பெரும்பாலும் 21-வது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்கும், 1959-லயே கண்டுபிடிச்சிட்டாங்க. இந்தக் குழந்தைகள் பலருக்குப் பேசுறதைவிடப் புரிஞ்சுக்கிறது அதிகம். சொற்கள் சேரும், இலக்கணம்தான் பின்தங்கும். காதுல கேட்டதைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கிற நினைவு குறைவு. நடுக்காதுல நீர் கோத்துக் கேட்கும் திறனும் அடிக்கடி குறையும். நம்ம பாஷையில சொன்னா, பஃபர் சின்னது, சிக்னலும் வீக். சொல்லோட கடைசியில மெல்ல ஒலிக்கிற விகுதிதான் முதல்ல விழும்.

அரபியில ‘கிதாப்’ ஒரு புத்தகம், ‘கிதாபான்’ ரெண்டு, ‘குதுப்’ பல. நாம பின்னால ஒட்டுறோம். அவங்க சொல்லுக்குள்ளேயும் மாத்துறாங்க. அங்க இருக்கிற குழந்தைக்கும் இலக்கணம் கஷ்டம்தான், ஆனா தடுக்குற இடம் வேற. ஆங்கிலத்துல அவன் வந்தாலும் அவள் வந்தாலும் ஒரே வினைதான். அதனால ஆங்கிலத்துக்குன்னு செஞ்ச பயிற்சியை அப்படியே தமிழுக்குப் போட்டா போதாது.

கல்வராயன் மலையில, வெள்ளிமலைப் பக்கம் இருக்கிற ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. பேச்சுப் பயிற்சிக்கு மலை இறங்கணும்னா ஒரு நாள் கூலி போயிடும். அந்தப் பயிற்சியும் அவங்க வீட்டுத் தமிழ்ல இல்லன்னா என்ன பலன்?

வீட்டுலயே செய்யக்கூடியதும் இருக்கு. முதல்ல காதைப் பரிசோதிக்கணும். ‘பஸ் போ’ன்னா, ‘தப்பு’ன்னு சொல்லாம ‘ஆமா, பஸ் போயிடுச்சு’ன்னு திருப்பிச் சொல்லணும். படமும் எழுத்தும் காட்டலாம். கண்ணால பார்க்குறது அவங்களுக்கு நல்லா நிக்கும். சித்தி ஒரு வருஷமா இப்படித்தான் பேசுறாங்க. போன மாசம் ‘பஸ் போச்சு’ன்னான்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? நெட் இல்லாமலும் ஓடுற, தமிழ் விகுதிக்கான ஒரு படச் செயலி செய்யலாம். அதுவரைக்கும், இப்படி ஒரு குழந்தை உங்ககிட்டப் பேசினா, வாக்கியத்தை நீங்க முடிச்சு வைக்காதீங்க. கொஞ்சம் காத்திருங்க.