மூன்று வரிவடிவங்களில் ஓர் ஊர்

மொழி அழிந்தால் இனம் அழியும் என்பது வகுப்பறையில் நாம் இருபதாண்டுகளாகத் தயக்கமின்றிச் சொல்லிவந்த வாக்கியம். மாணவர்கள் அதையே விடைத்தாளில் திருப்பி எழுதியபோது மதிப்பெண்ணும் இட்டிருக்கிறோம். சென்ற பருவத்தில் ஒரு மாணவி எழுந்து, "எங்கள் வீட்டில் பாட்டியோடு சௌராட்டிர மொழி போய்விட்டது ஐயா. அப்படியானால் நாங்கள் யார்?" என்று கேட்டாள். கேள்வியில் குத்தல் ஏதுமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. அதன்பின் இதே நினைவாக வாசித்து வந்தபோது எதிர்ப்பட்டதுதான் போலந்தின் கிழக்கோரத்துச் சிற்றூரான க்ருஷினியானி. அவ்வூருக்கு நாம் சென்றதில்லை; நூல்களும் வரைபடமும் காட்டிய அளவில் எழுதுகிறோம்.

பொத்லாசியே என்னும் வட்டாரத்தில், பியாவிஸ்டோக் நகருக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது ஊர். இன்னும் சில கிலோமீட்டர் போனால் பெலாரூஸ் எல்லை. பனியுகத்துப் பனியாறுகள் விட்டுச்சென்ற தாழ்ந்த மேடுகள், மணற்பாங்கான வயல்கள், பைன் மரக்காடு, மரவீடுகள். அவற்றினூடே பச்சை வண்ணம் பூசிய ஒரு மரக்கட்டடம் இரட்டைக் கோபுரத்துடன் நிற்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவர் தேவாலயம் என்றே எண்ணுவார். கோபுர உச்சியில் இருப்பதோ பிறை. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடையே எழுந்த பள்ளிவாசல் அது.

கத்தோலிக்க நாட்டின் காட்டோரத்தில் பள்ளிவாசல் வந்தது எப்படி? 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், விட்டவுதாஸ் ஆண்ட லித்துவேனியப் பெருங்கோமகவில் தாத்தாரியக் குதிரைவீரர்கள் குடியேறினர். லிப்கா தாத்தாரியர் என்பது அவர்கள் வழியினரின் பெயர். தலைமுறை தலைமுறையாக அந்நாட்டுக்காகப் போரிட்ட அவர்களுக்கு 17ஆம் நூற்றாண்டில் ஊதியம் நிலுவையாயிற்று, உரிமைகளும் சுருங்கின. 1672இல் அவர்களுள் பல படைப்பிரிவுகள் உதுமானியர் பக்கம் சென்றுவிட்டன. பின்னர் அரசரான மூன்றாம் யான் சோபியெஸ்கி அவர்களை மீட்க விரும்பினார். கருவூலத்தில் பணம் இல்லை, நிலம் இருந்தது. 1679இல் க்ருஷினியானியும் அருகிலுள்ள போஹொனிகியும் வேறு சில ஊர்களும் நிலுவைச் சம்பளத்துக்கு ஈடாகத் தாத்தாரியருக்கு வழங்கப்பட்டன.

நம்மை நிறுத்திய செய்தி இனிமேல்தான் வருகிறது. இந்த ஊரைப் பெறும் முன்பே லிப்கா தாத்தாரியர் தம் துருக்கிய இனமொழியை இழந்துவிட்டிருந்தனர். படையில் பிற இனத்தாரோடு வாழ்ந்ததும், உள்ளூர்ப் பெண்களை மணந்ததும், தாத்தாரியருக்குள்ளேயே பல வட்டார மொழிகள் வழங்கியதும் அதற்குக் காரணங்கள். வீட்டில் பெலாரூசிய மொழியும் போலந்து மொழியும் குடியேறின. ஆனால் எழுத்தை அவர்கள் விடவில்லை. கிதாப் எனப்படும் கையெழுத்துச் சுவடிகளில் அந்த ஸ்லாவிய மொழிகளையே அரபு எழுத்தில் எழுதிவைத்தார்கள். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புதுக்குறிகளும் அமைத்துக்கொண்டார்கள். காயல்பட்டினமும் கீழக்கரையும் வளர்த்த அரபுத்தமிழ் நமக்கு நினைவுக்கு வராமல் இராது. வேறுபாடு ஒன்றுதான்: அரபுத்தமிழில் எழுதியோர் தம் தாய்மொழியை எழுதினார்கள், இவர்களோ பின்னர் வந்து சேர்ந்த மொழியைத் தம் நெறியின் எழுத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

பள்ளிவாசலுக்கு அப்பால் மரங்கள் அடர்ந்த மேட்டில் மிஸார் என்னும் இடுகாடு உள்ளது. அங்குள்ள கற்களில் அரபு எழுத்து உண்டு. ருஷ்யப் பேரரசின் காலத்துக் கற்களில் சிரில்லிய எழுத்து உண்டு. போலந்து மொழியின் இலத்தீன் எழுத்தும் உண்டு. 1795இல் போலந்து வரைபடத்திலிருந்தே மறைந்ததையும் 1918இல் மீண்டதையும் அந்த மேட்டில் நின்றே படிக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லை மாறியபோது உறவினர் வாழ்ந்த ஊர்கள் பல சோவியத் பக்கம் போயின. இன்று க்ருஷினியானியில் தாத்தாரியர் சில குடும்பத்தினரே.

2012இல் இவ்வூர்ப் பள்ளிவாசலும் மிஸாரும், போஹொனிகியில் உள்ளவற்றோடு சேர்த்து, நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. 2014இல் யாரோ இப்பள்ளிவாசல் சுவரில் பன்றியின் உருவம் வரைந்து கல்லறைகளையும் சிதைத்தார்கள். 2021இல் பெலாரூஸ் வழியே வந்த ஏதிலியர் எல்லைக் காடுகளில் இறந்தபோது, அவர்களுள் சிலரைப் போஹொனிகித் தாத்தாரியர் தம் மிஸாரில் அடக்கம் செய்தார்கள். அந்த இளைஞர்களின் மொழி அவர்களுக்குத் தெரியாது. தொழுகைச் சொற்கள் மட்டுமே இருவருக்கும் பொது. அவை போதுமாயிருந்தன.

தமிழாசிரியராகிய நாம் மொழியின் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. ஒரு மொழி போனால் அதோடு போகும் பாட்டும் கதையும் திரும்பா. லிப்கா தாத்தாரியரின் பழைய தாலாட்டு எதுவென்று இன்று சொல்வார் இல்லை. அந்த இழப்பு இழப்பே. ஆயினும் அதன்பின் நானூறு ஆண்டுகள் அவர்கள் இருந்திருக்கிறார்கள், தம்மை இன்னாரென்று அறிந்தே இருந்திருக்கிறார்கள்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவிக்கு இவ்வூரின் கதையைச் சொன்னோம். முழுதும் கேட்டுவிட்டு, "பாட்டியின் பழைய நோட்டு ஒன்று பெட்டியில் இருக்கிறது ஐயா, எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது" என்றாள். கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.