குழாயில் ஒரு ஸ்டெடிகாம்

படம் எடுக்கக் கிளம்பும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது, கேமராவை ஆடாமல் பிடிக்க எந்த கிம்பல் வாங்கலாம் என்பதைத்தான். அந்தக் காட்சியில் கேமரா எதற்காக நகர்கிறது என்று திருப்பிக் கேட்டால், விலைப்பட்டியலைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட விழிப்பார்கள். வாங்குவதற்கு முன் ஒன்றையாவது சொந்தக் கையால் செய்து பாருங்கள் என்பேன். பணம் மிச்சமாவது கிடக்கட்டும். கருவியின் சூட்சுமம் கைக்குப் பிடிபடும்.

ஹார்டுவேர் கடையில் அரை அங்குல ஜிஐ குழாய் கிடைக்கும். மேல் முனையில் கேமராவைக் கால் அங்குல போல்ட்டால் முடுக்குங்கள். கீழ் முனையில் உடற்பயிற்சிக்கூடத்து இரும்புத் தட்டு ஒன்று. இடையில், பேரிங் வைத்து எப்பக்கமும் திரும்பும் கைப்பிடி. எடை இரு முனைகளுக்கும் விலகி நிற்பதால் கேமரா சட்டென்று ஆடாது. 1970-களில் அமெரிக்காவில் காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகாமிலும் இதே சூத்திரம்தான். உடம்போடு கட்டிய அங்கியும் ஸ்பிரிங் கையும் அதில் கூடுதல்.

வேலை இனிமேல்தான் இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்தபடி குழாயைப் படுக்கையாக வைத்து விட்டுவிடுங்கள். அது நிமிர்ந்து நிற்க ஏறத்தாழ 2 நொடி ஆகவேண்டும். பொசுக்கென்று நிமிர்ந்தால் கீழே கனம் அதிகம். நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் கேமரா ஊசலாடும். கைப்பிடியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். நிமிரவே மறுத்தால் மேலே ஏற்றுங்கள். ஒரு மாலை முழுக்க இந்த நூலிழை விளையாட்டில் போய்விடும், போகட்டும். இதில் கைதேர்ந்தவன் நாளைக்கு மோட்டார் கிம்பல் கிடுகிடுவென்று நடுங்கினால் சர்வீஸுக்கு ஓடமாட்டான். முதலில் கேமராவின் சமநிலையைச் சரிபார்ப்பான்.

வெளிச்சத்திலும் இப்படித்தான். 1956-இல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்குக் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார். திறந்த வானத்து வெளிச்சம் செட்டுக்குள் இறங்கியது. நம் படப்பிடிப்புகளில் தெர்மாகோல் பலகை அதே வேலையைத்தான் செய்கிறது.

எல்லாவற்றையும் செய்யக் கிளம்பாதீர்கள். டிரைபாடின் ஃபுளூயிட் ஹெட்டை வாங்கிவிடுங்கள். உள்ளே கெட்டி எண்ணெய் தரும் அந்த நிதானம் வீட்டுப் பட்டறையில் வராது. மின்சார வயரிங்கையும் ஆள் தலைக்கு மேலே தொங்கும் எதையும் விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

டிராலிக்கு ஒரு சக்கர நாற்காலி போதும். டயரில் காற்றைச் சற்றே குறைத்தால் தரையின் சிறு மேடுபள்ளங்களை அது விழுங்கிவிடும். 1960-இல் வெளியான ‘பிரெத்லெஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே காட்சிகள் எடுத்திருக்கிறார். அதைத் தள்ளியவர் இயக்குநர் கொதார். உங்கள் இயக்குநர் மானிட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், அவரையும் கொஞ்சம் எழுப்பலாம்.