நான்கு இரும்புப் படிகள்

பட்டாபிராமில் நான் குடியிருக்கும் தெருவின் கோடியில் சிறியதோர் அம்மன் ஆலயம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற வேண்டிய கும்பாபிஷேகம் சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்தேறியது. விழாக் குழு கூடிய முதல் நாளிலேயே யாகசாலை, நாகசுரம், பூ அலங்காரம், அன்னதானம் என ஒவ்வொரு பொறுப்பையும் அன்பர்கள் விரும்பி ஏற்றுக்கொண்டனர். கடைசியாக ஒரு பணி எஞ்சியது. இரண்டாயிரம் பேர் கூடுவார்கள். அவர்களுக்குத் தற்காலிகக் கழிப்பறைகள் வேண்டும். எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர், "சார் பாங்கில் இருந்தவர். பேரம் பேசத் தெரிந்தவர்" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

மறுக்க இயலாமல் ஒப்புக்கொண்டேன். அம்பாளுக்குச் செய்யும் கைங்கரியத்தில் நமக்குக் கிடைத்தது இதுதானா என்று உள்ளூர வருந்தினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

வங்கி வழக்கப்படியே மூன்று இடங்களில் விலை கேட்டேன். தனித்தனியாகக் கொண்டுவந்து தரையில் நிறுத்தும் ஃபைபர் அறைகள் ஒரு வகை. சக்கரம் பூட்டிய நீண்ட வண்டியின்மீது வரிசையாகப் பத்து அறைகள் அமைந்தது மற்றொரு வகை. அறைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் வண்டியே மலிவு. ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு ஐந்து என்று பிரித்துவிடலாம். முன்பணம் கொடுத்து ரசீதும் பெற்றேன். செலவைக் குறைத்ததற்காகக் குழுவினர் பாராட்டினர். அந்த வண்டியை ஒருமுறை நேரில் சென்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கும்பாபிஷேகத்தன்று விடியற்காலையிலேயே எங்கள் எதிர்வீட்டு அம்மையார் வந்துவிட்டார். அவருக்கு அப்போது 78 வயது. விமானத்தை நன்றாகப் பார்க்கும்படி முன்வரிசையில் நாற்காலி போட்டு அமரவைத்தோம். பத்து மணி அளவில் சிவாச்சாரியார்கள் கலசங்களைத் தலைமேல் சுமந்து விமானத்தில் ஏறினர். மேளம் முழங்கியது. எல்லோருடைய கைகளும் தலைக்குமேல் குவிந்தன. அந்த நொடியில் அம்மையார் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார்.

நிழலுக்குத் தூக்கிச் சென்று, முகத்தில் நீர் தெளித்து, ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். உடலில் நீர் வற்றிவிட்டது என்று கூறி மருத்துவர் சலைன் ஏற்றினார். மாலையில் பிரசாதத்துடன் சென்று பார்த்தபோது அவர் மெல்லிய குரலில் சொன்னார்: "நேற்று ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை, தம்பி. காலையில் நீர் மாத்திரையும் போடவில்லை. போட்டுக்கொண்டு வந்தால் எங்கே போவது? அப்படியும் ஒரு தடவை அந்த வண்டிகிட்டே போனேன். படியைப் பார்த்தேன். என்னால் ஏற முடியாதென்று தெரிந்தது. இதைப் போய் யாரிடம் சொல்ல? வெட்கமாக இருந்தது. பேசாமல் வந்து உட்கார்ந்துவிட்டேன்."

சிறிது நேரம் கழித்து, "பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தேன். கலசத்தில் தண்ணீர் விட்டதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே" என்றார்.

அன்று இரவு அந்த வண்டியருகே சென்று நின்றேன். நான்கு இரும்புப் படிகள். ஒவ்வொன்றும் சாணுக்கு மேல் உயரம். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மட்டுமே கம்பி. முழங்கால் வலியுள்ள எனக்கே மூன்றாம் படியில் மூச்சு வாங்கியது. உள்ளே விளக்கில்லை. நான் சேமித்துக் கொடுத்த தொகை எதற்கு ஈடானது என்று அப்போது விளங்கியது. அடுத்த கும்பாபிஷேகத்தின்போது அந்த அம்மையாருக்குத் தொண்ணூறு வயது ஆகியிருக்கும்.

அடுத்து வந்த பிரதோஷத்தன்று திருநின்றவூர் சென்றேன். எங்கள் ஊரிலிருந்து மின்சார ரயிலில் நெமிலிச்சேரியை அடுத்த நிலையம்தான் அது. பூசலார் நாயனார் மனத்திலேயே ஆலயம் எழுப்பிய தலம். கையில் பொருளில்லாத அந்த அடியார் கல்லும் மரமும் மனத்தால் சேர்த்து, நாள் பார்த்து, அடித்தளம் முதல் சிகரம் வரை முறையாகக் கட்டினார் என்பதும், அந்நாளையே தன் கச்சிக் கற்றளிக்கும் குறித்திருந்த காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி வேறு நாள் வைக்கச் சொன்னார் என்பதும் நாம் அறிந்தவையே. அவர் மனத்தால் கட்டியவற்றுள் கிணறும் திருக்குளமும் மதிலும் உண்டு. இருதயாலீசுவரர் சந்நிதியில் நின்றபோது அதுதான் என் நெஞ்சில் தைத்தது. கண்ணுக்குத் தெரியாத கோயிலிலும் வருவோருக்கு நீர் வேண்டும் என்று அவர் எண்ணினார். கையில் பணமும் எதிரே உயிருள்ள மனிதர்களும் இருந்தும் நான் நான்கு படிகளைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

அடுத்த ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு அதே பொறுப்பை நானே கேட்டுப் பெற்றேன். அப்போது கற்றவற்றை, ஊர்தோறும் கோயில் திருப்பணிகளில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. ஆணுக்கு மூன்று நிமிடம் போதும் என்றால், புடவை உடுத்திய மூத்த பெண்மணிக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். அதன்படி ஓர் அறை மணிக்கு 20 ஆண்களுக்கு உதவும். பெண்கள் என்றால் 12 பேருக்குத்தான். 700 பெண்களும் 500 ஆண்களும் வருவார்கள், நெரிசலான ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒருவருக்குத் தேவைப்படும் என்று கொண்டேன். பெண்களுக்கு ஆறு, ஆண்களுக்கு மூன்று என்று கணக்கு வந்தது. சரிபாதியாகப் பிரித்தது நான் செய்த முதல் பிழை.

அடுத்தது அறையின் அமைப்பு. தரையோடு நிற்கும் அறைகளையே எடுத்தோம். அவற்றுள் இரண்டை முதியோருக்கென ஒதுக்கி, சாய்தளம், அகலமான கதவு, உட்காரும் மேற்கத்திய கோப்பை, இருபுறமும் கைப்பிடி, எளிதில் திறக்கும் தாழ்ப்பாள், விளக்கு எல்லாம் இருக்கின்றனவா என்று நானே உள்ளே சென்று உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார், சிரிக்கட்டும்.

பிறகு தண்ணீர். ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் 120 பேருக்கு ஒரு மணி நேரத்தில் 1,200 லிட்டர். அறையோடு வரும் சிறு தொட்டி அதற்குப் போதாது. தண்ணீர் லாரிக்குத் தனியே சொல்ல வேண்டும். உள்ளே போகும் நீரெல்லாம் கழிவுத் தொட்டியில்தான் சேரும். அது எப்போது நிறையும், எந்த லாரி வந்து உறிஞ்சும், எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கினேன். ஏரியிலோ கால்வாயிலோ கலக்கும் கழிவு நம் கோயில் கணக்கில்தான் பாவமாகச் சேரும். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளச் செய்வதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. குழாயிட்டு உறிஞ்ச வேண்டுமே தவிர, எவரையும் தொட்டிக்குள் இறக்கலாகாது.

இடமும் முக்கியம். மடைப்பள்ளிக்கும் பந்திக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருக்க வேண்டும். முதியவர் நடக்கும் தொலைவையும் தாண்டக் கூடாது. ஆடி மாதக் காலையில் எங்கள் பக்கம் மேல்காற்று வீசும் என்பதால் ஆலயத்துக்குக் கிழக்கே நிறுத்தினோம். துப்புரவுக்கு வந்த தம்பதியருக்குக் கையுறையும் காலணியும் கொடுத்து, முதல் பந்தியில் அமரவைத்துப் பரிமாறினோம். பிற உபயதாரர்களுக்குச் செய்வதைப் போலவே அவர்களுக்கும் வஸ்திரம் வைத்துக் கொடுத்தோம்.

2019இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்கு 1,20,000க்கும் மேற்பட்ட கழிப்பறைகள் அமைத்தார்கள். அதே ஆண்டில் காஞ்சியில் அத்திவரதரைத் தரிசிக்க 48 நாட்கள் மக்கள் வெள்ளமாகத் திரண்டபோதும் ஏற்பாடுகளை அரசு நிர்வாகம் முன்னின்று கவனித்தது. தெருக்கோடி அம்மனுக்கு அத்தகைய நிர்வாகம் ஏது? நாம்தான் கவனிக்க வேண்டும்.

திருவிழாவுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக எதிர்வீட்டுக்குச் சென்றேன். சொல்லக் கூசியது, ஆயினும் சொன்னேன். "அம்மா, படியில்லாத அறை போட்டிருக்கிறோம். கம்பியும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டே வாருங்கள்." அவர் தலை குனிந்தவாறே சரி என்றார்.

ஆடி ஞாயிறு அன்று கூழ் வார்த்தோம். கேழ்வரகுக் கூழில் மோர் கலந்து, சிறு வெங்காயம் நறுக்கிப் போட்டு, வரிசையில் வந்தவர்க்கெல்லாம் ஊற்றினார்கள். அம்மையார் முன்வரிசை நாற்காலியில் அமர்ந்து ஒரு செம்பு முழுவதும் குடித்தார். சற்றுப் பொறுத்து என்னைக் கைகாட்டி அழைத்து, "இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லு, தம்பி" என்றார்.

நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.