கையெழுத்துக்கு முன்னால்

வேலை போய்விட்டது என்று தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வரும் எவரிடமும் நிர்வாகத் தரப்பு முதலில் எழுப்பும் கேள்வி, இவர் சட்டப்படி தொழிலாளிதானா என்பது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் உடலுழைப்பு, எழுத்து வேலை, தொழில்நுட்ப வேலை செய்வோரைத் தொழிலாளி என்றது. நிர்வாக அதிகாரம் உள்ளவர்களை விலக்கியது. ஐ.டி. நிறுவனங்களிலோ ஐந்தாறு வருடம் ஆனவருக்கெல்லாம் ‘கன்சல்டன்ட்’, ‘லீட்’, ‘மேனேஜர்’ என்று ஏதாவது ஒரு பட்டம் வந்துவிடும். பட்டம் வந்த நாளில் வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தவருக்கு, அதே பட்டம் பின்னாளில் தன்னைச் சட்டத்தின் வாசலில் நிறுத்தப்போகிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்த வழக்கு ஒன்று சென்னையில் நடந்தது. சேலத்தில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் தூரத்திலிருந்து அதைக் கவனித்து வந்தேன். டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.) 2014 இறுதியில் பலரை வெளியே அனுப்பத் தொடங்கியது. கருவுற்றிருந்த ஒரு பெண் பொறியாளரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் பணிநீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் நீக்கப்பட்ட இன்னொரு பொறியாளருக்கு அப்படிச் சீக்கிரம் விடியவில்லை. அவர் மேலாளர் நிலையில் இருந்தவர், ஆகவே தொழிலாளி அல்ல என்பது நிறுவனத்தின் வாதம். அவர் உண்மையில் செய்தது தொழில்நுட்ப வேலைதான் என்று பார்த்த தொழிலாளர் நீதிமன்றம், 2022-இல், அவரை முழுச் சம்பளத்தோடு திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. இடையில் ஏழு ஆண்டுகள். கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்து குடும்பத்தை ஓட்டிக்கொண்டே அவர் வாய்தா வாய்தாவாக நீதிமன்றத்துக்கு வந்து போனார்.

அந்தத் தீர்ப்பைப் பலரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. அவர் தானாக விலகவில்லை, நிறுவனம் அவரை நீக்கியது. நீக்கியதால் ஒரு உத்தரவு இருந்தது. உத்தரவு இருந்ததால் அதை எதிர்க்க முடிந்தது. அந்த உத்தரவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஏற்காட்டுப் பையன் ஒருவனின் வழக்கில் பார்த்தேன்.

சேர்வராயன் மலையில் அவன் அம்மா காபி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர். பையன் பொறியியல் படித்து, வளாகத் தேர்விலேயே வேலை வாங்கி, சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். 2023-இல் அங்கே ஆட்குறைப்பு அலையலையாக வந்தது. ஒரு தடவை நூறு பேர் போனால் மிச்சம் இருப்பவர்கள் மூச்சு விடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வந்தால் யாராலும் முடியாது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சார், காலையில உள்ளே போறப்ப கார்டு வேலை செஞ்சா அன்னிக்கு வேலை இருக்குன்னு அர்த்தம். லீவு போட பயம். உடம்பு சரியில்லன்னு சொல்ல பயம். பக்கத்து சீட்டுக்காரன் திடீர்னு காணாமப் போவான், ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்.”

ஒரு நாள் அவனை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். ரேட்டிங் குறைவு, புராஜெக்ட் இல்லை, நீயாகவே பேப்பர் போட்டுவிட்டால் ரிலீவிங் லெட்டரும் இரண்டு மாதச் சம்பளமும் உண்டு, போடாவிட்டால் நாங்களே நீக்குவோம், அப்புறம் வேறெங்கும் உன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்றார்கள். வெளியே போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்றதற்கு அனுமதி இல்லை. கணினியிலேயே ராஜினாமாவைப் பதிவு செய்துவிட்டு வெளியே வந்தான்.

சட்டம் ஆட்குறைப்பு என்று எதைச் சொல்கிறது என்பது இங்கேதான் வேலை செய்கிறது. ஓராண்டு தொடர்ந்து பணி செய்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ் வேண்டும், ஒவ்வொரு ஆண்டுச் சேவைக்கும் 15 நாள் சம்பளம் வேண்டும், அரசுக்குத் தகவல் போக வேண்டும். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வரிசையும் உண்டு. தானாக விலகுவது இதில் எதிலும் வராது. நூறு பேரை ஒரே பட்டியலில் நீக்கினால் அது ஆட்குறைப்பு. அதே நூறு பேரைத் தனித்தனியாக ஓர் அறைக்குள் அழைத்து எழுதி வாங்கினால், காகிதத்தில் அது நூறு தனி மனிதர்களின் சொந்த முடிவு.

மிரட்டி வாங்கிய ராஜினாமா செல்லாது என்பதில் சட்டத்துக்குச் சந்தேகமில்லை. மிரட்டினார்கள் என்பதை மெய்ப்பிக்க வேண்டியவன் அவன் என்பதுதான் சிக்கல். அறைக்குள் இருந்த மற்ற இருவரும் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். அதே வாரம் அதே அறைக்குப் போய் வந்தவர்களைத் தேடினோம். புது வேலை தேடிக்கொண்டிருந்த அவர்கள் பெயர் வெளியே வருவதை விரும்பவில்லை. உள்ளே இன்னும் இருந்த நண்பர்களிடம் சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டான். இரண்டு நாளில் அவர்களில் பாதிப் பேர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தொடர்ந்து நடக்கும் ஆட்குறைப்பு வேலையை மட்டும் பறிப்பதில்லை, சாட்சியையும் பறித்துவிடுகிறது என்று அன்று புரிந்தது. மிச்சம் இருப்பவனின் பயம், போனவனின் வழக்கைத் தோற்கடிக்கிறது.

வழக்கு விவரம் கேட்க வந்த அவன் அம்மா என்னிடம் ஒன்று கேட்டார்: “ஐயா, எங்க தோட்டத்துல ஆளை நிறுத்தணும்னா எல்லாருக்கும் தெரிஞ்சுதானே நிறுத்துவாங்க? இவ்வளவு படிச்ச புள்ளைக்கு ஏன் அது இல்ல?” கேள்வி சரியானது. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றிலும் அரசின் முன் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பு கூடாது என்று சட்டம் சொன்னது. மதுரை மீனாட்சி மில் வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. அந்த மூன்றில் மென்பொருள் அலுவலகம் இல்லை. ஆக, பெரிய எஸ்டேட்டில் காபி பறிக்கும் தாய்க்கு எழுத்தில் இருந்த ஒரு காவல், கண்ணாடிக் கட்டடத்தில் உட்காரும் மகனுக்கு இல்லை. நூறு பேர் இல்லாத எஸ்டேட்டில் அது தாய்க்கும் இல்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நூறு என்பதை முந்நூறு ஆக்கிவிட்டது. சேர்வராயன் மலையில் முந்நூறு பேர் வேலை செய்யும் தோட்டங்களை எண்ண அதிக நேரம் ஆகாது.

பையனின் வழக்கு சமரச அதிகாரி முன்னிலையிலேயே முடிந்தது. இன்னும் சில மாதச் சம்பளம் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. தங்கையின் படிப்புச் செலவு தலைக்கு மேல் நின்றதால் அவன் வாங்கிக்கொண்டான். சென்னைப் பொறியாளர்போல ஏழு ஆண்டு நிற்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இப்போது கோவையில், குறைந்த சம்பளத்தில், வேறு நிறுவனத்தில் இருக்கிறான்.

2025 ஜூலையில் டி.சி.எஸ். மறுபடியும் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, மலையிலிருந்தும் சேலத்திலிருந்தும் எனக்குப் போன் வரத் தொடங்கியது. எல்லோருக்கும் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீக்குவதானால் அவர்களே எழுத்தில் நீக்கட்டும். ஒருவேளை போட்டுவிட்டால், அன்றிரவே, நடந்தது இன்னது, நானாக விலகவில்லை என்று நிர்வாகத்துக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதிவிடுங்கள். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, ரேட்டிங் கடிதங்களை வீட்டில் ஒரு பிரதி வைத்திருங்கள். நீங்கள் அன்றாடம் செய்த வேலை என்ன என்பதை அவைதான் சொல்லும். நண்பன் சாட்சிக்குக் கூப்பிட்டால் போனை எடுங்கள். சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாளில் முடிவு வராவிட்டால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்குப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய சட்டத்தில் இரண்டு ஆண்டுதான்.